பன்னாட்டு ராணுவப் பயிற்சிக்கு நிவாரண நிறுவனத்திலிருந்து ஆள் அனுப்பலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். பல நாட்டு ராணுவங்கள் சேர்ந்து நடத்தும் நெருக்கடிகால மீட்புப் பயிற்சி ஒன்றுக்கு இரண்டு பேரை அனுப்பச் சொல்லி உங்கள் நிவாரண நிறுவனத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. சிவிலியன்களுக்கு அங்கே என்ன வேலை, போனால் பயன் உண்டா என்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கேள்வியின் கடைசி இரண்டு வரிகள். போட்டோவுக்கு நிற்க வைத்து அனுப்பிவிடுவார்களோ என்று உங்கள் இயக்குநர் நினைக்கிறார். ராணுவத்தோடு நின்றதாகத் தெரிந்தாலே களத்தில் நம்பிக்கை போய்விடும் என்று உங்கள் களப்பணியாளர்கள் நினைக்கிறார்கள். இரண்டுமே வீண் பயம் இல்லை. இரண்டுக்கும் பதில் வேறு வேறு. நான் நிவாரண வேலையில் தொடங்கி, சிவிலியன்–ராணுவ ஒருங்கிணைப்புக்கு வந்து, இப்போது பல வருடங்களாக இத்தகைய பயிற்சிகளுக்குக் காட்சிக்கதை, அதாவது பயிற்சியில் நடப்பதாக வைத்துக்கொள்ளும் கற்பனை நெருக்கடியின் கதை, எழுதும் குழுக்களில் உட்காருகிறவன். அந்த இடத்திலிருந்து தெரிவதைத்தான் சொல்ல முடியும். சில பயிற்சிகளில் வரும் மருத்துவக் கப்பல்களில் நான் வேலை பார்த்ததில்லை. அதனால் அந்தப் பகுதியில் கொஞ்சம் அடக்கியே பேசுவேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'சிவிலியன் பங்கேற்பு' என்று தேடினால் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்து வரும். ஒன்று, கூலிக்கு நடிப்பது. ஜெர்மனியின் ஹோஹன்ஃபெல்ஸில் அமெரிக்க ராணுவத்துக்குப் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே கட்டிவைத்திருக்கும் போலிக் கிராமங்களில் ஊர்த்தலைவர், கடைக்காரர், வீடிழந்த குடும்பம் என்று வேடம் போட ஒப்பந்த நிறுவனங்கள் ஆள் எடுக்கும். நாள் கணக்கில் அங்கேயே தங்க வேண்டும், குளிரிலும் மழையிலும் நிற்க வேண்டும், கைப்பேசிக்குக் கட்டுப்பாடு உண்டு, சம்பளம் உண்டு. நேர்மையான வேலைதான், ஆனால் உங்களை அழைத்திருப்பது அதற்கு இல்லை. இரண்டாவது, தன் தொழிலைத் தானாகவே செய்து காட்டுவது. நிவாரண நிறுவனக்காரர் நிவாரண நிறுவனக்காரராகவும், பத்திரிகையாளர் பத்திரிகையாளராகவும், போலீஸ் அதிகாரி போலீஸ் அதிகாரியாகவும் உட்காருவார்கள். உங்கள் அழைப்பு இந்த வகை என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் அழைக்கிறவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. போய் இறங்கியதும் கையில் ஒரு தாளைக் கொடுத்து, 'இன்று நீங்கள் கோபமான அகதி' என்பார்கள். அதை அங்கேயே மறுத்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. பல பன்னாட்டுப் பயிற்சிகளில் துப்பாக்கிச் சத்தமே கேட்காது. அவை தலைமையகப் பயிற்சிகள். ஒரு கட்டடத்தில் கணினிகளோடு சில நூறு பேர் உட்கார்ந்து, கற்பனை நாட்டில் நடக்கும் நிலநடுக்கத்தையோ உள்நாட்டுச் சண்டையையோ சமாளிப்பார்கள். அவர்கள்தான் பயிற்சி பெறும் தரப்பு. வேறொரு கட்டடத்தில் எக்ஸ்கான் என்கிற கட்டுப்பாட்டு மையம் இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்த சம்பவப் பட்டியலிலிருந்து, குறித்த நேரத்துக்கு ஒவ்வொரு சம்பவமாக உள்ளே தள்ளிவிடுவார்கள். தொலைபேசி அழைப்பாக, மின்னஞ்சலாக, போலிச் செய்தி ஒளிபரப்பாக அது போய்ச் சேரும். அதை இன்ஜெக்ட் என்பார்கள். நேரில் வராத அமைப்புகளின் குரலாகப் பதில் சொல்ல ஒயிட் செல் அல்லது கிரே செல் என்று ஓர் அறை ஒதுக்கியிருப்பார்கள். சிவிலியன்களை வழக்கமாக அங்கேதான் உட்கார வைப்பார்கள். நாள் முடிவிலோ பயிற்சி முடிந்த உடனோ எல்லோரும் கூடி எது தவறிப்போனது என்று பேசுவது ஹாட் வாஷ். முறையான அறிக்கை பின்னால் வரும். சில நேரம் உங்களுக்கு வராமலும் போகும். அதைப் பற்றிப் பிறகு.

இந்தத் துறையில் சிவிலியன்களைக் கூப்பிடுவதில் நல்ல பெயர் எடுத்தது சுவீடனின் வைகிங் பயிற்சி. 1999இல் தொடங்கியது. சில வருடங்களுக்கு ஒருமுறை, சுவீடன் ராணுவமும் ஃபோல்க்கே பெர்னடோட் அகாடமி என்கிற அரசு அமைப்பும் சேர்ந்து நடத்தும். ராணுவம், போலீஸ், சிவிலியன் என்று மூன்று தரப்பையும் பயிற்சி பெறுவோராகவே வைப்பது அதன் தனித்தன்மை. போகாலாந்து என்ற கற்பனை நாட்டைத்தான் வருடக்கணக்கில் சுமந்து வருகிறார்கள். உண்மையான நாட்டின் பெயரைப் போட்டால் மறுநாளே ஒரு தூதரகம் கூப்பிட்டுக் கேட்கும், அதனால்தான் எல்லோரும் கற்பனை வரைபடத்துக்குப் போகிறார்கள். தாய்லாந்தில் 1982 முதல் நடக்கும் கோப்ரா கோல்டில் பேரிடர் மீட்பு ஒரு தனிப் பகுதி. நேட்டோவின் பேரிடர் ஒருங்கிணைப்பு மையம் 1998இல் தொடங்கியது. அது உறுப்பு நாடுகளிலும் பங்காளி நாடுகளிலும் மாறி மாறிக் களப் பயிற்சி நடத்துகிறது. 2017இல் பொஸ்னியாவிலும் 2018இல் செர்பியாவிலும் நடந்தவை இப்படிப்பட்டவைதான். அங்கே சீருடைக்காரர்களை விடத் தீயணைப்பு, மீட்புக் குழுக்களே அதிகம் கண்ணில் படுவார்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் 2015இல் தென்னாப்பிரிக்காவின் லோஹட்லாவில் நடத்திய அமானி ஆப்பிரிக்கா பயிற்சியிலும் ராணுவம், போலீஸ், சிவிலியன் மூன்றும் இருந்தன. உங்களுக்கு வந்த அழைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். பேரிடர் மீட்புப் பயிற்சியா, எதிரிப் படை ஒன்று வரும் பயிற்சியா? இரண்டுக்கும் அழைப்புக் கடிதம் ஒரே மாதிரி இனிமையாக இருக்கும்.

ராணுவங்கள் ஏன் மெனக்கெட்டு உங்களைக் கூப்பிடுகின்றன? 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அவற்றுக்குக் கிடைத்த அடிகள்தான் காரணம் என்பது என் கணிப்பு. தாய்லாந்தின் உதபாவ் விமான தளத்திலிருந்து அன்று நடந்த பெரிய வான்வழி நிவாரணம் ஒப்பீட்டளவில் சீக்கிரம் தொடங்கியதற்கு, அந்தத் தளமும் ஆட்களும் கோப்ரா கோல்டால் ஏற்கெனவே பழகியிருந்தது ஒரு காரணம். 2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம் வந்தபோது நேர்மாறு. தலைநகர் விமான நிலையத்தை அமெரிக்க ராணுவம் ஹைத்தி அரசின் சம்மதத்தோடு கையில் எடுத்து விமானங்களை இறக்கியது. அந்த வேலை இல்லாவிட்டால் வான்வழி நிவாரணம் பெரும்பாலும் வந்திருக்காது. ஆனால் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஊதிப் பெருக்கும் மருத்துவமனையை ஏற்றி வந்த விமானத்தை இறங்க விடாமல் டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பிவிட்டார்கள். எந்த விமானம் முதலில் இறங்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது, எதை வைத்து முடிவு செய்வது? அந்தக் கேள்வியைப் பேசித் தீர்க்க அன்று அங்கே ஒரு பழகிய வழி இல்லை. அதற்குப் பிறகு நான் பார்த்த காட்சிக்கதைகளில் விமான நிலைய முன்னுரிமைப் பட்டியல் அடிக்கடி ஒரு சம்பவமாக வருகிறது. 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி அடித்தபோது பிலிப்பைன்ஸில் பல நாட்டுப் படைகள் வந்து குவிந்தன. 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கம் வந்தபோது காத்மாண்டுவின் ஒற்றை ஓடுதளம் தாங்காது என்று மிகக் கனமான விமானங்களையே தடுத்தார்கள். இரண்டு இடத்திலும் வெளிநாட்டுப் படைகளுக்கு ஓர் ஒருங்கிணைப்பு மையம் உடனே திறந்தது. நேபாள ராணுவம் காத்மாண்டுவில் நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது என்று அதற்கு முன்பே வெளிநாட்டினரோடும் சிவிலியன் அமைப்புகளோடும் ஒத்திகை பார்த்திருந்தது.

இனி உங்கள் இயக்குநரின் சந்தேகத்துக்கு வருகிறேன். போட்டோவுக்கு நிற்க வைப்பார்களா? நீங்கள் பயிற்சி தொடங்கும் நாளில் போனால், ஆம், பெரும்பாலும் அதுதான் நடக்கும். கெட்ட எண்ணம் எதுவும் காரணமில்லை. அதற்குள் கதை எழுதி முடிந்திருக்கும். பெரிய பயிற்சி ஒன்றுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே திட்டக் கூட்டங்கள் தொடங்கிவிடும். முதல் கூட்டம், நடுக் கூட்டம், இறுதிக் கூட்டம், இடையில் சம்பவங்களை எழுதும் பட்டறைகள். எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் ராணுவத் திட்ட அதிகாரிகள். அவர்கள் எழுதினால் இடம்பெயர்ந்த மக்கள் எப்படி வருவார்கள் தெரியுமா? சாலையை அடைத்துக்கொண்டு வருவார்கள். படை வாகனங்கள் போக முடியாது, அதுதான் 'பிரச்சினை'. அந்த மக்கள் ஏன் அந்தச் சாலையில் வந்தார்கள், எந்த ஊருக்குப் போகிறார்கள், அங்கே யாருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், மாட்டை விட்டுவிட்டு வர மறுத்த கிழவர் எங்கே என்று எதுவும் இருக்காது. பயிற்சி பெறுகிறவர்கள் சாலையைத் திறப்பார்கள், சம்பவப் பட்டியலில் ஒரு கட்டம் பச்சையாகும், எல்லோரும் அடுத்த சம்பவத்துக்குப் போவார்கள். இதை மாற்றக்கூடிய இடம் பயிற்சி அறை கிடையாது, பட்டறைதான். அங்கே ஒரு சிவிலியன் உட்கார்ந்து, 'சாலையைத் திறந்த பிறகு இரண்டாயிரம் பேர் வயலில் நிற்கிறார்கள், இரவு வருகிறது, குடிநீர் இல்லை, அந்த வயலில் கண்ணிவெடி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை' என்று அடுத்த நான்கு சம்பவங்களை எழுதினால் பயிற்சியே வேறாகிவிடும். அதனால் என் பதிலின் மையம் இதுதான்: பயிற்சிக்கு இரண்டு பேர் அனுப்புவதற்குப் பதில் திட்டக் கூட்டத்துக்கு ஒருவரை அனுப்புங்கள். இரண்டுக்கும் அனுப்ப முடிந்தால் அதே ஆளை அனுப்புங்கள்.

எழுதும் குழுவில் எப்போதும் காணாமல் போகும் ஒரு பாத்திரம் உண்டு. பாதிக்கப்பட்ட நாட்டின் அரசு. பன்னாட்டுப் படை வந்து இறங்கும், ஐ.நா. இருக்கும், தொண்டு நிறுவனங்கள் இருக்கும், ஊடகம் இருக்கும். அந்த மாவட்ட நிர்வாகி இருக்க மாட்டார். சுங்க அதிகாரி இருக்க மாட்டார். கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியே எழாது. நிஜத்தில் நிவாரணப் பொருள் சுங்கத்தில் நாட்கணக்கில் நிற்கும், மருந்துக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், மாவட்ட நிர்வாகி தன் ஊருக்கு வெளிநாட்டு ஹெலிகாப்டர் வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டு கொதிப்பார். இதை எழுதிச் சேர்க்க உங்களைப் போன்ற ஆட்களால்தான் முடியும், ஏனென்றால் அந்த மேசைக்கு முன்னால் காத்து நின்றவர்கள் நீங்கள். நான் ஒவ்வொரு முறையும் ஒரு சுங்க அதிகாரியைக் கேட்டு வாங்கிவிடுவேன். குழுவில் இது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. பரவாயில்லை.

பயிற்சி அறைக்குள் சிவிலியன் செய்யும் வேலை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். காலை ஒருங்கிணைப்புக் கூட்டம். திரையில் வரைபடம். ஒரு திட்ட அதிகாரி, நல்ல மனிதர், வேகமானவர், என்னைப் பார்த்துக் கேட்கிறார்: 'வடக்கு முகாமுக்கு இரண்டு என்.ஜி.ஓ.க்களை நாளை காலைக்குள் நகர்த்த முடியுமா?' அவர் கேட்டதில் திமிர் இல்லை. அவர் உலகத்தில் ஓர் அமைப்பு என்றால் அதற்கு ஒரு தளபதி இருப்பார், தளபதியிடம் சொன்னால் நகரும். என்.ஜி.ஓ.க்களின் தளபதி யார் என்று அவர் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தார், கடைசியில் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார். என்னால் யாரையும் நகர்த்த முடியாது என்றேன். 2005 முதல் இருக்கும் கிளஸ்டர் முறையைச் சொன்னேன்: குடிநீருக்கு ஒரு கூட்டம், தங்குமிடத்துக்கு ஒரு கூட்டம், சுகாதாரத்துக்கு ஒரு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னோடி அமைப்பு உண்டு, ஆனால் அதற்குக் கட்டளை அதிகாரம் கிடையாது. பேசி, இடைவெளி எங்கே என்று காட்டி, யாராவது ஏற்றுக்கொள்ள வைப்பார்கள். 'அப்படியென்றால் எத்தனை நாளாகும்?' என்றார். 'சாலை பாதுகாப்பானதா, பாலம் லாரியைத் தாங்குமா என்று நீங்கள் சொன்னால் ஒரு நாள். சொல்லாவிட்டால் தெரியாது' என்றேன். அவர் பாலத்தின் தாங்குதிறன் அறிக்கையை அன்று மாலையே எல்லோருக்கும் அனுப்பினார். அந்தப் பயிற்சியில் இரு தரப்பும் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஐந்து நிமிடத்தில்தான் என்பேன்.

அந்த உரையாடலுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. போவதற்கு முன் உங்கள் ஆட்கள் அதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். இயற்கைப் பேரிடரில் வெளிநாட்டு ராணுவ வசதிகளைப் பயன்படுத்துவது பற்றி ஆஸ்லோ வழிகாட்டுதல்கள் என்று உண்டு. 1994இல் வந்து, 2006இலும் 2007இலும் திருத்தப்பட்டவை. அவற்றின் சாரம்: ஈடான சிவிலியன் வசதி இல்லாதபோதுதான் வெளிநாட்டு ராணுவ உதவியை நாட வேண்டும், மீட்புப் பணியின் ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு சிவிலியன் கையில் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்ட நாட்டிடம் அதற்குக் காசு கேட்கக் கூடாது. உதவியை மூன்றாகப் பிரிப்பார்கள். மக்களின் கையில் நேரடியாகப் பொருள் கொடுப்பது, பொருளை ஏற்றி இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சாலை, ஓடுதளம், மின்சாரம் போன்றவற்றைச் சரிசெய்வது. முதலாவதிலிருந்து ராணுவம் தள்ளியிருப்பது நல்லது, மூன்றாவது அதற்குப் பொருத்தமானது. நடைமுறையில் ராணுவங்களுக்கு முதலாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் படத்தில் வருவது அதுதான். உள்நாட்டு ராணுவத்துக்கு இந்த வழிகாட்டுதல்கள் பொருந்தாது, வெளிநாட்டுப் படைகளுக்கு மட்டுமே. அதைத் தெரியாமல் உள்ளூர்த் தளபதியிடம் ஆஸ்லோவை எடுத்து நீட்டி அவமானப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சண்டை நடக்கும் இடங்களுக்கு 2003இல் வந்த தனி வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, அவை இன்னும் கறாரானவை.

இதிலிருந்தே உங்கள் களப்பணியாளர்களின் பயத்துக்கும் வழி கிடைக்கிறது. பேரிடர் மீட்புப் பயிற்சியில் கலந்துகொள்வதும், ஒரு தரப்பாகச் சண்டையில் இருக்கும் படையோடு கலந்துகொள்வதும் ஒன்றாகாது. 2004இல் தெற்கு ஆப்கானிஸ்தானில், உதவி தொடர வேண்டுமென்றால் தகவல் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்கும் துண்டறிக்கைகளை அமெரிக்கா தலைமையிலான கூட்டணிப் படைகள் விநியோகித்தன. அந்த வருடம் ஜூனில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஐந்து பேர் நாட்டின் வடமேற்கிலுள்ள பத்கீஸில் கொல்லப்பட்டார்கள், அமைப்பே நாட்டை விட்டு வெளியேறியது. துண்டறிக்கைதான் கொலைக்குக் காரணம் என்று யாரும் நிரூபித்ததில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் உதவியையும் உளவையும் ஒரே தாளில் அச்சடித்தால் களத்தில் இருக்கிறவர்கள் எந்த நிலைக்குப் போவார்கள் என்பதற்கு அதை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதே அமைப்பு 2014 செப்டம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா கட்டுமீறியபோது, உயிரியல் பேரிடருக்குப் பயிற்சி பெற்ற ராணுவக் குழுக்களையும் அனுப்பச் சொல்லி ஐ.நா.வில் கேட்டது. கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று அதைப் படிக்கக் கூடாது. கேட்டது மருத்துவத் திறனை, கூட்டத்தை அடக்கவோ ஊரைப் பூட்டவோ ராணுவம் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவைப் பாருங்கள். நடுநிலையில் அவர்களை விடக் கறாரானவர்கள் இல்லை, ஆனாலும் ராணுவப் பயிற்சிகளுக்கு வழக்கமாகப் போகிறார்கள். தங்கள் பெயரிலேயே, தங்கள் வேலையைச் செய்துகாட்டப் போகிறார்கள். கைதிகளைப் பார்க்க அனுமதி கேட்பார்கள், பெயர்ப் பட்டியல் கேட்டால் தர மறுப்பார்கள். நிஜத்தில் மறுப்பதைப் பயிற்சியிலும் மறுத்துக் காட்டுவதுதான் அவர்கள் அங்கே கொடுக்கும் பாடம்.

பயிற்சி அறையிலிருந்து இன்னொரு காட்சி. முகாமில் குடிநீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்ற வதந்தி ஒரு சம்பவமாக உள்ளே போகிறது. நாங்கள் கிரே செல்லில் இருந்து முகாம் நிர்வாகியாகத் தொலைபேசியில் அழைக்கிறோம். பத்து நிமிடத்தில் தலைமையகம் ஒரு படைப்பிரிவை அனுப்பித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நிறுத்துகிறது. அவர்கள் பார்வையில் பிரச்சினை முடிந்தது. எங்கள் அறையில் இருந்த, உண்மையிலேயே முகாம்களை நடத்திப் பழகிய ஒரு பெண் அடுத்த அழைப்பைப் போட்டார்: 'தொட்டியைச் சுற்றித் துப்பாக்கி வந்ததும் வதந்தி உறுதியாகிவிட்டது. யாரும் தண்ணீர் பிடிக்க வரவில்லை. பெண்கள் ஆற்றுக்குப் போகிறார்கள்.' பட்டியலில் அப்படி ஒரு சம்பவமே இல்லை. ஒரு கணம் கட்டுப்பாட்டு மையத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு அதை அனுமதித்தார்கள். படைப்பிரிவைப் பின்வாங்கச் செய்து, முகாம் குழுவினர் முன்னால் தண்ணீரைப் பரிசோதித்து, அவர்களே முதலில் குடித்துக் காட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. கைதேர்ந்த சிவிலியன் ஒருவர் அறையில் இருந்தால் எழுதப்படாததையும் கொண்டு வருவார். அப்படிப்பட்ட ஆளை அனுப்புங்கள். மக்கள் தொடர்பு அலுவலரை அனுப்பாதீர்கள்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். போகிறவருக்குப் பயன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ராணுவம் எப்படித் திட்டமிடுகிறது, எந்த நேரத்தில் முடிவெடுக்கிறது, யாரிடம் கேட்டால் பதில் வரும் என்பது ஒரு வாரத்தில் பிடிபடும், ஐந்து வருடம் களத்தில் இருந்தாலும் பிடிபடாது. அதிகாரிகள் தரப்பிலும் அப்படியே. ஆனால் பயிற்சிகளால் அடுத்த பேரிடரில் அதிக உயிர் பிழைக்கிறதா? இதற்கு ஆதாரம் பலவீனமானது. நேபாளத்திலும் பிலிப்பைன்ஸிலும் முன்பே பழகியிருந்தது உதவியது என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் பழகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. மேலும், அதிகாரிகள் இரண்டு மூன்று வருடத்தில் மாறிப் போவார்கள், நிவாரண நிறுவனங்களில் ஆட்கள் அதை விட வேகமாக மாறுவார்கள். கைகுலுக்கிப் பழகியவர்கள் பேரிடர் வரும்போது இருவரும் அதே நாற்காலியில் இருப்பது அபூர்வம். பயிற்சி அறிக்கைகள் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொள்ளும் வகையில்தான் எழுதப்படுகின்றன. அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு வகைப் பயிற்சியில் மட்டும் நான் சொன்னதெல்லாம் போதாது. நிஜ மனிதர்களுக்கு நிஜ உதவி செய்யும் பயிற்சிகள் உண்டு. 2004 சுனாமி அனுபவத்திலிருந்து பிறந்து 2006இல் தொடங்கிய, அமெரிக்கக் கடற்படையின் பசிபிக் பார்ட்னர்ஷிப் அப்படிப்பட்டது. மருத்துவக் கப்பலோ குழுவோ ஒரு நாட்டுக்குப் போய், உள்ளூர் மருத்துவர்களோடும் தொண்டு நிறுவனங்களோடும் சேர்ந்து சிகிச்சை, பயிற்சி, கட்டட வேலை என்று செய்யும். அங்கே நோயாளி வேடம் போடவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தையல் பிரிப்பது யார், கப்பல் போன பிறகு மருந்து எங்கே கிடைக்கும், உள்ளூர் மருத்துவமனையின் வரிசை குலையுமா என்ற கேள்விகளை மருத்துவப் பின்னணி உள்ளவர்தான் எடைபோட முடியும். உங்கள் அழைப்பு அந்த வகை என்றால், அப்படிப்பட்ட பயணத்தில் உழைத்த மருத்துவர் ஒருவரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

மற்றபடி, பதில் கடிதத்தில் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காட்சிக்கதையில் எதிரிப் படை உண்டா? அடுத்த திட்டக் கூட்டம் எப்போது, அதில் உங்களுக்கு இடம் உண்டா? உங்கள் ஆட்கள் உங்கள் நிறுவனத்தின் பெயரிலா, கற்பனைப் பெயரிலா உட்காருவார்கள்? கற்பனைப் பெயர் என்றால் பெரும்பாலான இடங்களில் சங்கடம் குறையும், முதல் முறை போகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். படம் எடுப்பது, சின்னத்தைப் பயன்படுத்துவது, செய்தி வெளியிடுவது எல்லாம் உங்கள் சம்மதத்தோடுதான் என்று உறுதி வாங்குங்கள். ராணுவ வாகனத்தில் பயணம், ராணுவ உடையைப் போன்ற ஜாக்கெட், இரண்டையும் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள், தவிர்க்க முடிகிற இடம்தான் அதிகம். பயணச் செலவு யார் தருவது என்பதும் கொள்கைக் கேள்விதான். வேறு நிதி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பணத்தை மறைக்காமல் உங்கள் ஆண்டறிக்கையில் போடுங்கள். உங்கள் நிஜத் திட்டங்களின் இடங்கள், பயனாளிகள், ஊழியர்கள் பற்றிய தகவல் எதுவும் பயிற்சிக்குள் வராது என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். கேட்டுவிட்டு மறுப்பதை விட அது இரு தரப்புக்கும் எளிது. கடைசியாக, இறுதி அறிக்கையின் பிரதியும், அது முடிவாவதற்கு முன் உங்கள் கருத்தைச் சேர்க்க வாய்ப்பும் வேண்டும் என்று கேளுங்கள். திட்டக் கூட்டத்துக்கும் இடமில்லை, அறிக்கைக்கும் வழியில்லை என்றால், பங்கேற்பாளராகப் போகாமல் பார்வையாளராக ஒருவரை மட்டும் இரண்டு நாளுக்கு அனுப்பிவிட்டு, அதற்கடுத்த பயிற்சியின் முதல் திட்டக் கூட்டத் தேதியை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.